ஹொர்வாத் என்ற பெயர் நமக்கு வந்த வழி

தம்பி,

நீ அனுப்பிய கல்யாணப் புத்தகத்தின் மாதிரி செவ்வாய்க்கிழமை ரொக்ஸ்பரோ வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கனமான தாள், தங்க எழுத்து, நீயும் நிவேதாவும் பனிக்குள் நின்று சிரிக்கிற படம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள் அப்பா என்று ஒரு துண்டும் வைத்திருந்தாய். முதல் ஆறு பக்கத்தில் இரண்டு பிழை இருந்தது, திருத்தினேன். ஏழாம் பக்கத்தில் ‘எங்கள் பெயரின் பயணம்’ என்று தலைப்புப் போட்டு, உலகப் படம் ஒன்று கீறி, அதற்குக் கீழே நான் உனக்குச் சொன்ன கதையை எழுதியிருக்கிறாய். அகதியாக வந்து நின்ற ஒரு தமிழ் இளைஞனுக்கு ஒரு குரோவேஷியத் தொழிலாளி தன் வீட்டைக் கொடுத்தார். அந்த நன்றியை மறக்காத இளைஞன் அவருடைய குடும்பப் பெயரையே தன் குடும்பப் பெயராக ஏற்றுக்கொண்டான். இப்படி நாலு பந்தி. வாசித்து முடித்ததும் திருத்துகிற பேனாவை மூடி வைத்தேன். உன்மேல் கோபமில்லை. நீ எழுதியதெல்லாம் என் வாயிலிருந்து வந்ததுதான். அதைத் தங்க எழுத்தில் திரும்பப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு அழுகிப்போன பொருள் என்று விளங்கியது.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். ஆனால் இங்கிலீஷில் எழுதத் தொடங்கினால் நான் உடனே நல்லவனாகிவிடுவேன். முப்பத்தைந்து வருடமாக அந்த மொழியில் அரசாங்கக் கந்தோர்காரர்களுக்கு மனுப்போட்டுப் பழகிய கை இது. தடுமாறுகிற இடத்தில் நிவேதாவிடம் கேள். அவளுக்கும் தெரியத்தான் வேண்டும். அவளுடைய பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர்தானே போகப்போகிறது. வேறு யாருக்குக் காட்ட விரும்பினாலும் காட்டு, நான் மறிக்கமாட்டேன்.

முதலில் உன்னுடைய உலகப் படத்துக்கு வருகிறேன். ஹொர்வாத் என்றால் குரோவேஷியன் என்றுதான் அர்த்தம் என்று எழுதியிருக்கிறாய். சொந்த ஊரில் இருக்கிற ஒருவனை அப்படிக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை, துருக்கியப் படைக்குப் பயந்து வடக்கே ஓடிப்போனவர்களை அங்கிருந்தவர்கள் அப்படிக் கூப்பிட்டுத்தான் அது பெயராக நின்றது என்று எழுதியிருக்கிறாய். பிறகு ஹங்கேரி, ஆஸ்திரியா, கப்பல் ஏறி அமெரிக்கா, ஆர்ஜென்டினா, அவுஸ்திரேலியா, கனடா. போகிற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. உழைத்திருக்கிறாய், மறுக்கவில்லை. கடைசியில் ஸ்காபரோவில் ஒரு மூலையில் மட்டும் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘இங்கே ஒரு பழைய குரோவேஷியக் குடியிருப்பு இருந்திருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அது ஒரு குடியிருப்பும் இல்லையடா. அது உன் பாலன் மாமாவும் அவருடைய இரண்டு பெடியன்களும், மற்றப் பக்கம் சூசையின் குடும்பமும். எட்மன்டனில் தனியாக நிற்கிற புள்ளி கறுவல் தேவன். உன் படத்தில் அரைவாசிப் புள்ளியை நான்தான் வைத்தேன், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு குசினி மேசையில், சமையல் சட்டிகளுக்கு நடுவில், நீலப் பேனாவால். அந்த மாமாக்களுக்கு ஏன் நம்முடைய பெயர் இருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டாய். நானும் விட்டுவிட்டேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. நான் மட்டக்களப்பிலிருந்து வந்து ஆறு மாதம். செயின்ட்-மிஷேலில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை, பஞ்சு அடைக்கிற பகுதி. எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்தான் ஹொர்வாத். நாற்பத்தைந்து வயது இருக்கும், பெரிய உடம்பு, மொட்டைத் தலை. மத்தியானம் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு புகை பிடித்த பன்றிக் கொழுப்பைப் பாண் ரொட்டியோடு சாப்பிடுவார். எனக்கும் ஒரு துண்டு வெட்டி நீட்டுவார். நான் வாங்கி, அவர் திரும்பின நேரம் குப்பைக்குள் போடுவேன். பாலனும் அங்கேதான் வேலை செய்தான். நாங்கள் இரண்டு பேரும் தமிழில் அவருடைய நாற்றத்தைப் பற்றிக் கதைத்துச் சிரிப்போம், அவரும் ஏதோ பகிடி என்று எங்களோடு சேர்ந்து சிரிப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ எழுதிய ‘சகோதர பாசம்’ என்கிற சொல்லை அழிப்பதற்காக. பாசமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவருக்கு இருந்திருக்கலாம்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அவர் வடக்கே வால்-டோர் பக்கம் சுரங்க வேலைக்குப் போக முடிவெடுத்தார். நாங்கள் அப்போது ஒரு நிலக்கீழ் அறையில் ஆறு பேர், மாறி மாறிப் படுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் அவருடைய வீடு இருந்தது, இங்கே ‘மூன்றரை’ என்று சொல்கிற ஒரு படுக்கையறை வீடு. கட்டில், சட்டி பானை, திரைச்சீலை எல்லாவற்றோடும் கதவுத் திறப்பை என் கையில் வைத்தார். வீட்டுக் குத்தகை அவர் பெயரில், வேண்டாம் என்று எழுதிக்கொடுக்காதவரை வருடா வருடம் தானாகவே நீளும். “வீட்டுக்காரனிடம் சொல்லாதே, அவன் ஒரு குடும்பத்துக்கு மேல் விடமாட்டான், தபால் பெட்டியில் என் பெயர் அப்படியே இருக்கட்டும்” என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். அவருடைய அம்மா ஊரிலிருந்து எழுதுவார். அம்மாவுக்கு அந்த முகவரி மட்டும்தான் பாடம். வருகிற கடிதங்களை வேறு உறையில் போட்டு வடக்கே அனுப்பிவிட வேண்டும். சுரங்க விடுதியின் முகவரியைத் தானே எழுதி, குசினிக் கதவுக்குப் பின்னால் ஊசியால் குத்தினார். “அம்மா கடிதம், முக்கியம்” என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

பெயர் வந்த கதை அந்தக் கடிதங்களின் கதையைப்போலக் கேவலம் இல்லை, அதனால் அதை முதலில் முடிக்கிறேன். நிரந்தர வதிவிடத்துக்குப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். ஆறு பேரில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். அப்படி எழுதினால் ஒரே வீட்டில் ஆறு தகப்பன், ஆறு குடும்பம். வீட்டுக்காரன் கண்டால் எல்லோரும் தெருவில். கந்தோர் கடிதம் வந்தாலும் பெட்டியில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் தபால்காரன் போடாமல் போய்விடுவான். நான் யோசித்துப்போட்டு ஆறு படிவத்திலும் குடும்பப் பெயர் ஹொர்வாத் என்று எழுதினேன்.

“அண்ணை, நான் பிள்ளையார் கோயிலடிப் பெடியன். இதென்ன பேர்?” என்றான் பாலன்.

“பேசாமல் கையெழுத்தை வை. கொஞ்ச நாளைக்குத்தான். பேந்து மாத்தலாம்.”

கந்தோரில் ஒரு பெண் மட்டும் படிவத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சிலோனில் இந்தப் பெயர் உண்டா என்று கேட்டாள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது, நாங்கள் கத்தோலிக்கர் என்று நான் சொன்னேன். பக்கத்தில் பாலன் நெற்றியில் திருநீற்றோடு இருக்கிறான். அவள் முத்திரை குத்திவிட்டாள். இதுதான் உன்னுடைய பெயரின் பயணம். இதில் வெட்கம் உண்டு, ஆனால் இதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். உயிருக்குப் பயந்தவன் படிவத்தின் ஒரு பெட்டிக்குள் என்னத்தையோ எழுதினான், போகட்டும்.

கடிதங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். முதல் மூன்று கடிதத்தை ஒழுங்காக அனுப்பினேன். நீலமும் சிவப்பும் கரை போட்ட விமான உறை, ஊதா மை, நடுங்குகிற எழுத்து. உள்ளே நாலைந்து தாளாவது இருக்கும், கையில் கனக்கும். பத்து நாளைக்கு ஒன்று வரும். அதே நேரம் எனக்கு ஊரிலிருந்து ஒன்றும் இல்லை. ஊரில் சுற்றிவளைப்பு, தபால் கந்தோர் பூட்டு, ஆள் நடமாட்டம் இல்லை என்று வானொலியில் கேட்பதோடு சரி. அம்மா இருக்கிறாவா செத்துப்போனாவா என்று தெரியாமல் பதினொரு மாதம் இருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, சப்பாத்தில் பனி ஒட்டியபடி, படிக்கட்டுக்குக் கீழே நின்று அந்தச் சின்னத் தகரப் பெட்டியைத் திறப்பேன். உள்ளே, வெங்காயம் தின்கிற அந்த மனிதனுக்கு அவனுடைய அம்மா எழுதிய கடிதம் கொழுகொழுவென்று கிடக்கும். நாலாவது கடிதத்தை நான் அந்த இடத்திலேயே நின்று கிழித்தேன். இரண்டாக, நாலாக, எட்டாக. மூலையில் இருந்த தெப்பனர் என்கிற பெட்டிக்கடையின் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு மேலே ஏறிப்போய்ச் சோறு சமைத்தேன்.

பாலன் கேட்டபோது, திரும்பத் தபாலில் போட்டால் ஹொர்வாத் இங்கே இல்லை என்று தபால்காரன் கண்டுபிடித்து வீட்டுக்காரனிடம் சொல்லிவிடுவான் என்றேன். அவன் நம்பினான். நானும் பிற்காலத்தில் அதையே நம்பப் பார்த்தேன். பயம், அகதி வாழ்க்கை, அந்த நேரத்து நிலைமை என்று எங்கள் ஆட்கள் மண்டபத்துக்கு மண்டபம் மைக் பிடித்துச் சொல்கிறார்களே, அந்தப் பெரிய சாக்கிலே என் சின்ன அழுக்கையும் போட்டுக் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் மூன்று கடிதம் அனுப்பி ஒன்றும் நடக்கவில்லையே. பயம் இல்லையடா தம்பி. பொறாமை. தனக்கு அம்மா எழுதவில்லை என்பதற்காக இன்னொருவனுடைய அம்மாவைக் கிழித்துப் போட்டவன் உன் அப்பன். அதைச் செய்யும்போது எனக்குச் சுகமாக இருந்தது. இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அந்த மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பார்சலும் வந்தது. சுங்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், ஹொர்வாத் என்று நான் வைத்தேன். உள்ளே மூன்று சோடி கம்பளிக் கால்மேஸ், ஒரு துணிப்பையில் கோதோடு அக்ரூட் கொட்டை, ஒரு கடிதம். கதவு இடுக்கில் வைத்து நெரித்து நெரித்து ஆறு பேரும் கொட்டையைச் சாப்பிட்டோம். தரை முழுக்கக் கோது. மேஸை நான்தான் பங்கிட்டேன், சாம்பல் நிறத்தில் மேல்விளிம்பில் சிவப்புக் கோடு போட்டதை எனக்கு வைத்துக்கொண்டேன். நல்ல சூடு. நீ சின்ன வயதில் குளிருக்கு நாங்கள் என்ன போட்டோம் என்று கேட்டாயே, நான் பஞ்சுத் துண்டைக் காலில் சுற்றினோம் என்று ஒரு கதை விட்டேன். அதுவும் பொய். வேறொருவனுடைய அம்மா பின்னிய மேஸைப் போட்டுக்கொண்டு சொகுசாக நடந்தேன்.

தை மாதம் வடக்கிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. உடைந்த இங்கிலீஷில் இரண்டு வரி. அம்மாவிடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லையா, அம்மா சுகமில்லையோ என்று யோசிக்கிறேன், தயவுசெய்து பதில் போடு. அதற்கு நான் பதில் போட்டேன். அந்த ஒரு பதிலைத்தான் ஒழுங்காக, முத்திரை ஒட்டி, அடுத்த நாளே போட்டேன். ‘கடிதம் ஒன்றும் வரவில்லை’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. பங்குனியில் கொழும்பால் வந்த ஒரு பெடியனின் கையில் என் அம்மாவின் கடிதம் வந்தது. உயிரோடு இருக்கிறேன் மகன், நேரத்துக்குச் சாப்பிடு என்று. படிக்கட்டில் குந்தியிருந்து அழுதேன். அன்றைக்காவது மற்றக் கடிதங்களை அனுப்பத் தொடங்கியிருக்கலாம். தொடங்கினால் அந்த அட்டையில் எழுதியது பொய் என்று தெரிந்துவிடும். ஆகவே அடுத்ததையும் கிழித்தேன். அதற்குப் பிறகு பொறாமைகூட இல்லை, மீன் செதிள் சுரண்டி எறிகிற மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். மற்றவனுடைய பொருள் உன் கையில் இருக்கும்போது அதை அன்றைக்கே கொடுத்துவிடு. நாளைக்கு என்று வைத்தால் அது உன்னுடைய இரகசியமாகிவிடும். பிறகு அதைக் காப்பாற்றுவதற்காக நீ எதையும் செய்வாய்.

எண்பத்தெட்டாம் ஆண்டு வசந்த காலம், சனிக்கிழமை காலை, கதவைத் தட்டினார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துணி கட்டி, கையில் ஒரு புகைப்படம். நான் கதவைப் பாதி திறந்தேன்.

“ஹொர்வாத்?” என்றாள்.

“ஓம், நான்தான் ஹொர்வாத்” என்று இங்கிலீஷில் சொன்னேன். சட்டப்படி அது பொய்யும் இல்லை, பார்.

அவள் படத்தைக் காட்டினாள். மொட்டைத் தலை, பெரிய உடம்பு, சிரிப்பு. “என் அண்ணன். ஒரு வருடத்துக்கு மேலாக எழுதவில்லை. அம்மா படுக்கையில். எங்கே?”

“தெரியாது. இங்கே அப்படி ஒருவரும் இல்லை.”

குசினிக் கதவுக்குப் பின்னால் அந்த முகவரி அப்போதும் குத்தியபடிதான் இருந்தது. பத்தடி தூரம். அவள் அழப்போகிற மாதிரிக் கீழே பார்த்தாள், பார்த்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். என் கால்களைப் பார்க்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் விளங்கியது. சாம்பல் நிறம், சிவப்புக் கோடு. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தெருவில் செத்து ஊதிக் கிடக்கிற ஒன்றைப் பார்க்கிற பார்வை. பின்னால் பாலன், “அண்ணை, ஆர் அது?” என்று கத்தினான். நான் கதவைச் சாத்தினேன். அவள் இறங்கிப்போகிற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

அந்த வருடம் ஜூலை முதலாம் தேதி, மொன்றியலே வீடு மாறுகிற நாளில், நாங்களும் மாறினோம். மேஸை எறிந்தேன். முகவரித் துண்டையும் எறிந்தேன். ஆறு பேரும் பிரிந்து உன் படத்தின் புள்ளிகளானார்கள். பெயரை மாற்றவில்லை. அதற்கு நன்றியுணர்ச்சி காரணமில்லை. மாற்றுவதானால் ஏன் அந்தப் பெயர் வந்தது என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அதோடு அந்தப் பெயரால் நன்மையும் இருந்தது. வேலைக்கு எழுதிப்போட்டால் ஹொர்வாத் என்று கண்டதும் கூப்பிடுவார்கள், போய் நின்ற பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். உனக்கும் அது உதவியிருக்கும். நீ நாலாம் வகுப்பில் குடும்ப மரம் கீறிக்கொண்டு வந்து இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டபோது, அடுப்படியில் நின்று ஒரு நிமிடத்தில் அந்த நன்றிக் கதையை இட்டுக்கட்டினேன். உன் வாத்தியார் கைதட்டினார் என்று நீ துள்ளிக்கொண்டு வந்தாய். பிறகு கோயில் மண்டபத்திலும் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். சனம் கண்ணைத் துடைத்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது நினைத்தால் அந்தத் துணி கழுத்தில் அரிக்கிறது.

போன மாதம் நீ போன் எடுத்து, பெயரைப் பற்றி இணையத்தில் விசாரித்த இடத்தில் ஹமில்டனில் இருந்து ஒரு வயதான அம்மா பதில் எழுதியிருக்கிறார் என்றாய். அவருடைய அண்ணன் எண்பதுகளில் நம்முடைய அதே வீட்டில் இருந்தாராம், உங்கள் சிநேகிதர்தான் அப்பா, கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினாய். கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். முன்வரிசையில் இருத்தி, மாலை போட்டு, அந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்லப்போகிறாய். அண்ணன் எங்களைப் பற்றிக் கதைப்பாரா என்று அவர் கேட்கச் சொன்னார் என்று நீ கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓம், எந்த நேரமும் அம்மாவைப் பற்றித்தான் கதைப்பார் என்றேன். அறுபத்து மூன்று வயதில், ஒரு மாதத்துக்கு முன்னால், வாய் கூசாமல். உன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு கிழவிக்கு இனிப்பு ஊட்டினேன். அதை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அந்த நாளில் நான் இளந்தாரி, குளிர், தனிமை என்று ஏதாவது சொல்லலாம். போன மாதம் எனக்கு என்ன குறை? வயிறு நிறைய, சூடான வீட்டில், மெத்தைக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன்.

வியாழக்கிழமை உன் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் என் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள், அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை நீ தந்த இலக்கத்துக்கு ஹமில்டனுக்கு எடுத்தேன். பெயரைச் சொன்னேன். கடிதங்கள், பார்சல், அட்டையில் எழுதியது, கதவு, குசினியில் இருந்த முகவரி, எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமை என்ற சொல்லையும் சொன்னேன்.  நான் முடித்த பிறகு அவர் கதைத்தார், நிதானமாக, திக்காமல்.

“உம்முடைய மகன் வீட்டு இலக்கத்தை எழுதிய அன்றே எனக்குத் தெரியும். அந்தக் கதவில் நின்ற ஆளுடைய மகன்தான் இந்தப் பிள்ளை என்று. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீர் சொல்வீரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.”

நான் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவர் வடக்கை விட்டு வரவே இல்லையாம். அம்மா தன்னை வெறுத்துவிட்டா என்று நினைத்து, எழுதுவதையும் விட்டு, குடித்துக் குடித்து அங்கேயே செத்தாராம், அங்கேயே புதைத்துவிட்டார்கள். இவர்களுக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து. அம்மா அதற்கு முன்னாலேயே, மகன் பனிக்குள் எங்கேயோ செத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டே போய்விட்டா.

“இரண்டு பேரும் உயிரோடு இருந்துகொண்டு, ஒருவருக்கு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்கள்” என்றார். “அது தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நீர்தான்.”

 மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அவர் இடைமறித்தார். அது வேண்டாம், அதை நீர் உமக்காகத்தான் கேட்கிறீர் என்றார். சரியாகத்தான் சொன்னார். கல்யாணத்துக்கு வராமல் விடுவது உங்கள் விருப்பம், மகனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

“வருவேன்” என்றார். “ஆனால் ஒருவரும் எனக்கு மாலை போடக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. இப்போது எனக்குச் சொன்னதை நீர் எழும்பி நின்று, உம்முடைய ஆட்களுக்கு முன்னால், உம்முடைய மொழியில் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. பரவாயில்லை. நான் அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.”

நான் சம்மதித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் சம்மதித்தது பிழை, அது உன் நாள், எனக்குத் தெரியும். ஏழாம் பக்கத்தை எடுத்துவிடு. நிவேதாவின் தாய் தகப்பனுக்கு இந்த வாரமே சொல்லிவிடு, அன்றைக்கு மண்டபத்தில்தான் அவர்கள் முதல் தரம் கேட்கக் கூடாது. கல்யாணம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் நான் போய் அவர்கள் வாசலில் நிற்கிறேன். பாலனுக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன். பெயரை வைத்திருப்பதா விடுவதா என்பது உன் பொறுப்பு, அதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் உரைகள் தொடங்கும்போது நான் எழும்புவேன். அப்பா பாவம் என்று ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. நீ அந்த ஹமில்டன் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இரு.

அப்பா